மேடை வார்த்தையின் தார்ப்பாயை அவிழ்த்துப் பார்ப்போம்

(சேலத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வகுப்பு என்றதும் கூலி, விலை, லாபம், உபரி மதிப்பு என்று பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அதைத் தொடப்போவதில்லை. மேடையில் வீசப்படுகிற வார்த்தைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். "வார்த்தையைப் பற்றிப் பேச நமக்கென்ன வேலை? அது தமிழ் வாத்தியார்கள் பார்த்துக்கொள்ளவேண்டிய சமாச்சாரம் அல்லவா?" என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. கூலி எவ்வளவு என்ற சண்டை தொடங்கும் முன்பே, அதற்குப் பெயர் கூலியா, ஊக்கத்தொகையா என்ற சண்டை முடிந்துபோகிறது. கூலி என்றால் கேட்டு வாங்கலாம். ஊக்கத்தொகை என்றால் கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கவேண்டும். மில்லுக்குள் நிற்கும் பெண் தொழிலாளி என்றால் அவளுக்குச் சட்டம் உண்டு. "பயிற்சியாளர்" என்று ஏட்டில் எழுதிவிட்டால், அதே மிஷின், அதே பஞ்சுத் தூசி, அதே ராத்திரி ஷிப்ட், ஆனால் சம்பளம் மட்டும் வேறு.

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல், திண்டுக்கல் ஜில்லாக்களின் நூல் மில்களில் பல வருஷம் ஓடிய ஒரு திட்டத்தின் பெயரை நினைத்துப் பாருங்கள். "சுமங்கலித் திட்டம்"! ஏழை வீட்டுப் பெண் மூன்று வருஷம் மில் விடுதியில் அடைந்து கிடந்து உழைக்கவேண்டும். கடைசியில் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள். அதை வைத்துக் கல்யாணம் முடித்துக்கொள்ளலாம். நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைப்பது குதிரைக்கொம்பு. சரி, அந்தத் தொகை யார் வீட்டுப் பணம்? மாதாமாதம் கொடுக்காமல் பிடித்து வைத்த அவள் சம்பளம்தான். "சம்பளப் பிடித்தத் திட்டம்" என்று பெயர் வைத்திருந்தால் எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? அதனால் மஞ்சள் குங்குமம் பூசி ஒரு வார்த்தையை அனுப்பினார்கள். எதிர்த்துக் கேட்டவன், ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கும் பாவியாகிவிட்டான்!

நாமக்கல் பக்கத் தோழர்களுக்கு லாரியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பாடி கட்டி நாடெங்கும் அனுப்புகிற ஊர். சரக்கை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று ரோட்டோரம் நிற்பவனுக்குத் தெரியாது. பில்லில் எழுதியிருப்பதைத்தான் நம்பவேண்டும். மேடை வார்த்தையும் அப்படித்தான். சாதாரணச் சொல் ஒரு பொருளைக் காட்டும். நாற்காலி, கதிர் அரிவாள், பாவு நூல் – இவற்றில் மறைக்க ஒன்றுமில்லை. சரக்கேற்றிய சொல்லோ பொருளையும் காட்டும், அதைப் பற்றிய தீர்ப்பையும் கூடவே இறக்கிவிட்டுப் போகும். நாம் யோசித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே தீர்ப்பு நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டவன் தானே யோசித்ததாக நினைத்துக்கொள்வான்.

நம் ஜில்லாவிலேயே நடந்த விஷயம். 2018 பிப்ரவரியில் சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டு வழிச் சாலை என்று அறிவித்தார்கள். 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், ஐந்து ஜில்லாக்கள் வழியாக. அதற்கு வைத்த பெயர் "பசுமை வழிச் சாலை". கேட்கும்போதே இரண்டு பக்கமும் மரம் அசைவது மாதிரித் தோன்றுகிறதல்லவா? இந்தப் பசுமை எங்கிருந்து வந்தது? சாலை போடும் இஞ்சினியர்கள் இங்கிலீஷில் "கிரீன்பீல்டு" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ரோட்டை அகலப்படுத்தாமல், ரோடே இல்லாத இடத்தில், அதாவது காடு மேடு வயல் தோப்பு வழியாகப் புதிதாக வெட்டிக்கொண்டு போவதற்கு அந்தப் பெயர். மரம் நடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரியாகத் தமிழில் சொன்னால் "வயலைப் பிளந்து போகும் புதுச் சாலை" என்றுதான் வரும். அந்தச் சொல் மேடைக்கு வரும் வழியில் பசுமையாக மாறிவிட்டது. எதை அழிக்கப்போகிறதோ, அதன் பெயரையே சாலைக்குச் சூட்டினார்கள்.

அளவுக் கல் நட வந்த நாட்களில் குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி, மின்னாம்பள்ளி, ராமலிங்கபுரம், பூலாவரி என்று ஊர் ஊராக ஜனங்கள் வரப்பில் நின்றார்கள். ஒரு குச்சிக்கிழங்குக் காட்டோரம் வயதான அம்மா ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏந் தம்பி, பச்சையா இருக்கறதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு அதுக்குப் பச்சை ரோடுன்னு பேர் வெச்சா, அது எந்த ஊரு நாயம்?" அந்த அம்மாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, இலக்கணமும் தெரியாது. ஆனால் தார்ப்பாயை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார்.

அடுத்த சொல் "வளர்ச்சி". அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி நம் ஜில்லாக்காரர். சாலை வளர்ச்சிக்காக என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். வளர்ச்சியை யார் எதிர்ப்பார்கள்? குழந்தை வளர்வதை எதிர்க்கிற தாய் உண்டா? பயிர் வளர்வதை எதிர்க்கிற குடியானவன் உண்டா? இதுதான் அந்தச் சொல்லின் சூட்சுமம். சாலை வேண்டுமா, வேண்டாமா, எந்த வழியில், யாருக்கு என்று நான்கு கேள்விகள் இருந்தன. சேலத்திலிருந்து சென்னைக்கு உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இன்னொன்று என்று முன்பே இருக்கின்றனவே, அவற்றை அகலப்படுத்தினால் ஆகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. "வளர்ச்சி" என்ற ஒரு வார்த்தை விழுந்ததும் நான்கு கேள்வியும் காணாமல் போயின. மிச்சம் இருந்தது, நீ வளர்ச்சிக்கு ஆதரவா எதிரியா என்பது மட்டுமே. எதிரி என்று ஆனபின் கைது செய்வது சுலபம். 2018 ஜூனில் அதுவும் நடந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 8 ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் நிலம் எடுக்கும் நடவடிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 ஆம் தேதி உச்சநீதிமன்றம், சட்டப்படி புதிதாக நடவடிக்கை தொடரலாம் என்றது. கோர்ட்டில் "வளர்ச்சி", "பசுமை" என்ற சொற்களை வைத்து வழக்காட முடியாது. எந்த நோட்டீஸ், எந்தப் பிரிவு, சுற்றுச்சூழல் அனுமதி முன்னாலா பின்னாலா என்றுதான் பேசவேண்டும். மேடையில் கிடைக்காத தெளிவு அங்கே ஓரளவாவது கிடைத்தது.

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. "இழப்பீடு" என்ற சொல் வரும்போது காது கூர்மையாக இருக்கட்டும். இழப்பீடு என்றதும் பட்டாதாரர் பெயரில் எழுதும் காசோலைதான் எல்லோர் கண்ணிலும் தெரிகிறது. அந்தக் காட்டில் களை எடுத்து, கிழங்கு பிடுங்கி, பாரம் சுமந்த உங்கள் இழப்பை எந்த மேடையும் பேசுவதில்லை. ஆனால் 2013 ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டம், "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதில், நிலமில்லாவிட்டாலும் அந்த இடத்தில் மூன்று வருஷமாக வேலை செய்து பிழைத்துவந்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தையும் சேர்த்திருக்கிறது. அந்த இரண்டு சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். விசாரணைக்கு அதிகாரி வரும்போது "எங்கள் பிழைப்புப் போகுதுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நாங்களும் பாதிக்கப்பட்ட குடும்பம், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள்.

மில் தோழர்களுக்கு வேறு கதை. 2023 ஏப்ரல் 21 ஆம் தேதி சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்குக் கதவு திறக்கிற திருத்தம். அதற்கு அவர்கள் சொன்ன சொல் "நெகிழ்வு". வேலை நேரத்தில் நெகிழ்வு! நெகிழ்வது யார்? மிஷின் நெகிழாது. முதலாளியின் கணக்கு நெகிழாது. நெகிழவேண்டியது நம் முதுகெலும்பு. "தொழிலாளி விருப்பப்பட்டால் மட்டுமே" என்றும் சொன்னார்கள். விருப்பம்! மில் விடுதியில் தங்கி, மில் பஸ்ஸில் போய்வந்து, காண்டிராக்டர் கையில் சம்பளம் வாங்குகிற ஒரு பெண்ணிடம் சூப்பர்வைசர் தாளை நீட்டி "விருப்பமா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923 இல். சரியாக நூறாவது வருஷத்தில் எட்டு மணி நேரத்தின் மேல் கை வைத்தார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. ஆளும் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1 ஆம் தேதி வாபஸ் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நல்லது. ஆனால் "நெகிழ்வு" வாபஸ் ஆகவில்லை. அது இன்னொரு சட்டத்தின் முதுகில் ஏறி வரும்.

"சீர்திருத்தம்" என்ற சொல்லின் கதி இன்னும் பரிதாபம். அது நம் பாட்டன்மார் காலத்தில் எவ்வளவு மரியாதையான சொல்! விதவை மறுமணம், தீண்டாமை ஒழிப்பு, புரோகிதர் இல்லாத கல்யாணம் – இவற்றுக்கெல்லாம் அந்தப் பெயர். கல்லடி பட்டுச் சம்பாதித்த பெயர். இப்போது 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கி 4 தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமல் என்றார்கள். அதற்கும் பெயர் சீர்திருத்தம். முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடுவதற்கும் சர்க்கார் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் 300 பேருக்குக் கீழே ஆள் வைத்திருக்கும் ஆலைகளை நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். விரல் போதாது. பெரியவர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பாத்திரத்தில் இவர்கள் கஷாயம் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னது சம்பளத்தையும் நிலத்தையும் எடுக்கிற வார்த்தை. உயிரை எடுக்கிற வார்த்தையும் உண்டு.

1871 இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். "குற்றப் பரம்பரை". ஒரு மனிதன் திருடினானா என்று விசாரிப்பதில்லை. பிறந்த ஜாதியே குற்றம். 1911 க்குப் பிறகு இது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஊர்ப் பெயரையே சேர்த்துச் சில மக்களுக்கு அந்த முத்திரை குத்தினார்கள். உப்பையும் தானியத்தையும் கழுதை மேல் ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைத்தவர்கள், ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்கவேண்டிய நிலைக்கு வந்தார்கள். இரண்டு வார்த்தை செய்த வேலை அது. மதராஸ் மாகாணத்தில் 1947 இல் சட்டம் போனது. வார்த்தை போனதா? எங்காவது நகை காணாமல் போனால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று பாருங்கள்.

இதே சேலத்து மத்தியச் சிறையில் 1950 பிப்ரவரி 11 ஆம் தேதி 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். கிரிமினல் கைதியைப் போல நடத்தாதே, அரசியல் கைதியாக நடத்து என்பது அவர்கள் கோரிக்கை. பாருங்கள், அதுவும் ஒரு பெயருக்கான போராட்டம்தான்! "அரசியல் கைதி" என்ற சொல்லுக்காக 22 உயிர் போயிற்று. சர்க்கார் கணக்கில் அது "சிறைக் கலகம்". நம் கணக்கில் "சிறைப் படுகொலை". இரண்டும் சரக்கேற்றிய சொல்தானே என்று யாராவது கேட்கலாம். ஆமாம். இரண்டையும் அவிழ்த்துப் பார்க்கலாம். பூட்டிய சிறைக்குள் இருந்தவர்களிடம் துப்பாக்கி இல்லை. செத்தவர்கள் 22 பேரும் கைதிகள். எந்தச் சொல் நிற்கிறது, எந்தச் சொல் கீழே விழுகிறது?

அந்தக் குண்டுகளுக்கு முன்பே வார்த்தைகள் வந்துவிட்டன. 1949 இல் மதராஸ் மாகாணத்தில் கட்சி தடை செய்யப்பட்டது. கம்யூனிஸ்டு என்றாலே பலாத்காரக்காரன் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரப்பப்பட்டது. பெயர் முதலில் வரும், போலீஸ் பின்னால் வரும். 2018 மே 22 ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது சுட்டபோது 13 பேர் மாண்டார்கள். அங்கே பெயர் பின்னால் வந்தது: "சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்". அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022 இல் சட்டமன்றத்துக்கு வந்தபோது, அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயம் இல்லை என்றே சொன்னது. ஆனால் அந்த நான்கு வருஷமும் செத்தவர்களின் வீட்டார் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதானே தெருவில் நடந்தார்கள்?

ராஜாஜியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பழைய சேலம் ஜில்லாவில் தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் வக்கீல், சேலம் முனிசிபாலிடிக்குச் சேர்மன். 1952 இல் தேர்தலில் நிற்காமலேயே முதலமைச்சராக வந்தவர், கம்யூனிஸ்டுகள்தான் தனக்கு முதல் எதிரி என்று சட்டசபையிலேயே சொன்னார். ஒரு விதத்தில் அது நேர்மையான பேச்சு. தார்ப்பாய் இல்லை, பெயரைச் சொல்லி எதிரி என்றார். அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் 1967 இல் தி.மு.க. தலைமையிலான ஒரே அணியில் இருந்தன என்பது வேறு விஷயம்! அந்தத் தேர்தலில்தான் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற பேச்சு. ஜனங்கள் காதில் விழுந்தது மூன்று படி. வாயில் இருந்தது ஒரு படி. அந்த ஒரு படியும் சென்னை, கோவை நகரங்களில் தொடங்கியதோடு நின்றது. "லட்சியம்" என்ற சொல்லை எவ்வளவு சாமர்த்தியமாக நடுவில் வைத்தார்கள், பார்த்தீர்களா? பிடிபட்டால் "நாங்கள் லட்சியம் என்றுதானே சொன்னோம்" என்று நழுவலாம்.

இங்கே ஒரு கேள்வி வரும். "அப்படியானால் உணர்ச்சியான வார்த்தையே கூடாதா தோழர்? மேடையேறி கணக்குப்பிள்ளை மாதிரிப் பேசவேண்டுமா?" அப்படி நான் சொல்லவில்லை. 1953 இல் அதே ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கோப்பில் பெயர், "திருத்தப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டம்". பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் பையன் தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் "குலக்கல்வி". அந்த ஒரு சொல் நாட்டையே கிளப்பியது. 1954 இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது. "குலம் என்ற சொல்லே எங்கள் உத்தரவில் இல்லை, இது விஷமப் பிரசாரம்" என்று அவர்கள் பக்கம் வாதாடினார்கள். உத்தரவில் இல்லாமல் இருக்கலாம். ஊரில் இருந்ததே! அன்றைய கிராமத்தில் தகப்பன் தொழில் என்றால் என்ன? செருப்புத் தைக்கிறவர் மகன் செருப்பு, வண்ணார் மகன் வெள்ளாவி, பண்ணையாள் மகன் பண்ணை. கோப்பு மறைத்த சரக்கை "குலக்கல்வி" என்ற சொல் வெளியே எடுத்துப் போட்டது. ஆகவே சூடான சொல் எல்லாம் பொய்ச் சொல் அல்ல. பெயரை எடுத்துவிட்டு, நடக்கிற காரியத்தை மட்டும் நிதானமாக விவரித்துச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கேட்பவனுக்குக் கோபம் வந்தால் அந்தச் சொல் உண்மையைச் சுமக்கிறது. குலக்கல்வியை விவரித்தால் கோபம் கூடுகிறது. பசுமை வழியை விவரித்தால் பசுமை ஓடிப்போகிறது.

இனி, பள்ளிபாளையத்துக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் வெளியே வந்தது. புதிதாக நடந்ததல்ல, புதிதாகப் பத்திரிகையில் வந்தது. விசாரணை நடந்தது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் மாற்று அறுவை அனுமதியை நிறுத்தினார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டது. மேடைகள் சும்மா இருக்குமா? ஒரு பக்கம் "கிட்னி திருட்டு" என்றது. மறுபக்கம் "கிட்னி முறைகேடு" என்றது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்த சொல்லோ மூன்றாவது: "தானம்".

மூன்றையும் ஒவ்வொன்றாக அவிழ்ப்போம். தானம் என்றால் தாமாக மனமுவந்து கொடுப்பது. 1994 ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுக்கவேண்டுமானால், நோயாளியின் மீது அன்பாலோ பற்றாலோ கொடுப்பதாகக் கமிட்டியின் முன்னால் சொல்லவேண்டும். தறி ஓட்டிக் காது செவிடான ஒரு மனிதர், முன்பின் பார்த்திராத ஒருவர் மீது அன்பு கொண்டேன் என்று கையெழுத்துப் போடுகிறார். வட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், இவர் காகிதத்தில் அன்பு செலுத்துகிறார்! தோழர்களே, வார்த்தை இதைவிடக் கீழே இறங்க முடியுமா?

"முறைகேடு" என்பது ஆபீஸ் சொல். ஏதோ ஒரு பாரத்தில் கையெழுத்து விடுபட்ட மாதிரி, ரேஷன் கடையில் நாலு கிலோ சீனி குறைந்த மாதிரி. ஒரு மனிதனின் விலாவைக் கிழித்து உறுப்பை எடுத்ததற்கு இந்தச் சொல் மிகவும் சின்னது. கேட்பவனைத் தூங்கவைக்கவே அது வந்தது.

"திருட்டு" என்பது சூடான சொல். கைதட்டல் வாங்கும் சொல். ஆனால் அதுவும் விஷயத்தை மூடுகிறது. திருட்டு என்றால் தெரியாமல் எடுப்பது. அப்படியானால் குற்றவாளி தரகன் ஒருவன். அவனைப் பிடித்து ஜெயிலில் போட்டால் தீர்ந்தது. இங்கே தெரிந்தே கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, குழு லோன், கந்துவட்டி. முன்பணம் என்ற சொல்லையே பாருங்கள், எவ்வளவு சாதுவான சொல்! முன்பணத்தைக் காட்டி ஒரு மனிதனைக் குறைந்த கூலிக்கு ஒரே இடத்தில் கட்டிப்போட்டால், 1976 ஆம் வருஷத்துச் சட்டத்தில் அதற்குப் பெயர் கொத்தடிமை முறை. அந்தச் சொல்லை எந்த மேடையும் சொல்லவில்லை. சொன்னால் தரகனோடு நிற்காது, பட்டறை முதலாளி வரைக்கும் போகும். இரண்டு பக்க மேடைக்கும் நாற்காலி போட்டுக் கொடுக்கிறவர்கள் வரைக்கும் போகும்.

விற்றவரே "வித்துப்போட்டேனுங்க" என்று உள்ளதைச் சொல்கிறார். அவர் ஒருவர்தான் சரியான வார்த்தையைச் சொல்பவர். ஆனால் அந்தச் சட்டத்தில் பணம் கொடுத்தவனும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. உண்மையைச் சொன்னால் அவர் ஜெயிலுக்குப் போகவேண்டும். தானம் என்று பொய் சொன்னால் தரகன் தப்பிப்பான். இந்த இடுக்கில்தான் நம் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்காக நாம் மனு எழுதும்போது எந்தச் சொல்லைப் போடப்போகிறோம்? திருட்டு என்று எழுதினால் கோர்ட்டில் நிற்காது. "கடனால் கட்டப்பட்டு விற்க நேர்ந்தவர், கொத்தடிமை முறையால் பாதிக்கப்பட்டவர்" என்று எழுதினால், கடன் ரத்தும் மறுவாழ்வு உதவியும் கேட்க ஒரு வழி பிறக்கும். ஒரு சொல்லால் ஒருவர் குற்றவாளி. இன்னொரு சொல்லால் அவரே நிவாரணம் கேட்கும் உரிமையுள்ளவர்.

அடுத்தவர் வார்த்தையைப் பற்றியே பேசிவிட்டு நம் வீட்டு வார்த்தையை விட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது. "கருங்காலி" என்கிறோம். கருங்காலி உறுதியான மரம், கோடாரிக்குக் காம்பாகி மற்ற மரங்களை வெட்டும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். (இப்போது அதே கருங்காலியில் மாலை செய்து அதிர்ஷ்டத்துக்காக ஊரே போட்டுக்கொண்டு திரிகிறது. மில் கேட்டில் இந்தச் சொல்லைச் சொன்னால் என்ன விலை என்று கேட்பார்கள் போலிருக்கிறது!) ஆள் வைத்து வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் கமிட்டியில் ஒரு தோழர் "இந்தத் தேதி வேண்டாம், தீபாவளி போனஸ் கணக்கு முடியட்டும்" என்று கருத்துச் சொன்னால் அவருக்கும் அதே சொல்லா? எல்லாச் சர்க்காரையும் பாசிசம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், உண்மையான பாசிசம் கேட்டுக்கு வரும்போது அதைச் சொல்ல வேறு சொல் நம்மிடம் இருக்குமா?

இன்னொரு சொல், டீக்கடையில் தினமும் கேட்பது. "வடக்கன்". ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து நம் மில்லிலும் சேகோ ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு வைத்த பெயர். "வடக்கன் வந்து நம்ம வேலையைக் கெடுத்துட்டான்" என்கிறோம். இப்போது அந்தப் பெயரை எடுத்துவிட்டு விவரித்துச் சொல்லுங்கள், பார்ப்போம். காண்டிராக்டர் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவந்தான். வந்தவன் தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுக்கிறான். பி.எப். பிடிக்கிறார்களா என்று அவனுக்குத் தெரியாது. விரல் போனால் ஊருக்கு ரயிலேற்றிவிடுகிறார்கள். இதில் "கெடுத்தவன்" யார்? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். பயந்து பலர் ரயிலேறினார்கள். அந்தப் பக்கம் ஒரு சொல், இந்தப் பக்கம் ஒரு சொல்; நடுவில் ஒரே தறியில் நிற்கும் இரண்டு தொழிலாளி. "வடக்கன்" என்று சொல்லாதே என்று உத்தரவு போட நான் வரவில்லை. அவன் பெயர் என்ன என்று கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சங்கச் சந்தாப் புத்தகத்தில் பெயர் எழுதத்தானே இடம் இருக்கிறது!

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய தோழர்கள் இருக்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு காகிதம் கொண்டுவாருங்கள். மில் கேட்டில் ஒட்டிய நோட்டீஸ், பஞ்சாயத்து ஆபீஸ் அறிவிப்பு, குழு லோன் அட்டை, தேர்தல் துண்டறிக்கை, நம் கட்சி துண்டறிக்கையும் சேர்த்து, எதுவானாலும் சரி. படிக்கத் தெரியாதவர்கள் அப்படியே எடுத்துவாருங்கள், இங்கே வாசிக்க ஆள் இருக்கிறது. பள்ளிபாளையத்துத் தோழர்கள் அந்த மனுவின் நகலையும் மறக்காமல் கொண்டுவரவேண்டும். முதல் வேலையாக அதைத்தான் வரி வரியாகத் திருத்தப்போகிறோம்.